மாம்பழம், கடலை, மீன், பாக்கு: புற்றுநோய் பயம் பற்றிச் சில கேள்விகள்

பாலக்காட்டின் கிழக்குப் பக்கத்து வாசகர்கள் அனுப்பியவை இவை.

முதலமடை வாசகர்: சந்தையில் வாங்கும் மாம்பழம் கார்பைட் கல் வைத்துப் பழுத்தது என்கிறார்களே, புற்றுநோய் வருமா?

கார்பைட் கல் வைத்துப் பழம் பழுக்கவைக்க நாடு முழுக்கத் தடை இருக்கிறது. அந்தக் கல்லில் ஆர்செனிக் என்ற நச்சுப்பொருள் கலந்திருக்கலாம் என்பதுதான் கவலை. நன்றாகக் கழுவி, தோலைச் சீவிவிட்டுச் சாப்பிடுங்கள். எத்திலின் வாயுவில் பழுத்தது என்றால் பயமே வேண்டாம். பழம் தானாகவே விடுகிற வாயு அது. 100 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு வரை, சட்டமும் அனுமதிக்கிறது.

கொழிஞ்சாம்பாறை வாசகி: மூட்டையில் கொஞ்சம் கடலை பூசணம் பிடித்துவிட்டது. வறுத்தால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். இல்லாவிட்டால் மாட்டுக்குப் போடலாமா?

வந்த கேள்விகளில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். கடலை, சோளம், கொப்பரை எதுவானாலும் ஈரம் தங்கினால் ஒருவகைப் பச்சை, மஞ்சள் பூசணம் வரும். அது விடுகிற விஷம் அஃப்ளடாக்சின். கல்லீரல் புற்றுநோய்க்கு இது காரணம் என்று உறுதியாகிப் பல வருடங்கள் ஆகின்றன. ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் வைரஸ் தொற்று உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. வறுத்தால் பூசணம் சாகும், விஷம் முழுக்கப் போகாது. மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

மாட்டுக்கும் வேண்டாம். அந்த விஷம் உருமாறிப் பாலில் இறங்கும், அதே பாலைத்தான் குழந்தை குடிக்கும். ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. பூசணக் கொப்பரையை ஆட்டிய புண்ணாக்குக்கும் இதே பேச்சுதான். சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கிக் கொட்டிவிடுங்கள். மூட்டை முழுக்கப் பரவியிருந்தால் காசைப் பார்க்காதீர்கள். அடுத்த தடவை நன்றாகக் காயவைத்து, தரையில் படாமல் பலகைமேல் அடுக்குங்கள். கொப்பரை என்றால் ஈரம் 6 சதவீதத்துக்குள் வர வேண்டும்.

வாளையார் வாசகர்: மீன் கெடாமலிருக்க பார்மலின் என்ற ரசாயனம் கலக்கிறார்களாமே, புற்றுநோய் வருமா?

2018இல் உங்கள் ஊர் சோதனைச் சாவடியிலேயே அப்படிப்பட்ட மீன் பிடிபட்டதே, அந்தப் பயம் நியாயமானது. ஆனால் புற்றுநோய்க்கான உறுதியான ஆதாரம் பார்மலின் ஆவியை வருடக்கணக்கில் சுவாசித்த தொழிலாளர்களிடம் கிடைத்தது. தின்பதற்கு அவ்வளவு வலுவான ஆதாரம் இல்லை. அதற்காகக் கலப்படத்தை விட்டுவிட முடியாது. சந்தேகம் வந்தால் உணவுப் பாதுகாப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.

சித்தூர் வாசகர்: புகையிலை இல்லாமல் வெற்றிலை பாக்கு போடுகிறேன். அளவாகக் கள்ளும் உண்டு. இரண்டும் இயற்கைதானே?

இயற்கைதான். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பாக்கையும் மதுவையும் உறுதியான காரணிகள் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு பாக்குதான். கள்ளில் இருப்பதும் அதே ஆல்கஹால். குறைத்தால் நல்லது, விட்டால் இன்னும் நல்லது. வாயில் வெள்ளைத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாயைத் திறக்க இறுக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே பல் டாக்டரிடம் காட்டுங்கள்.