தேயிலைப் பாதையில் பஸ் ஏறலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

தென்மேற்குச் சீனாவின் யுன்னான் மாகாணம் பற்றிய உங்கள் பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டுத்தான் போன அக்டோபர் முதல் வாரம் மனைவியோடு கிளம்பினேன். தாலி, லிஜியாங், ஷாங்ரிலா என்று எட்டு நாள், வழிகாட்டியோடு குழுப் பயணம். திரும்பி வந்ததிலிருந்து ஏமாந்துவிட்டது போலவே இருக்கிறது. லிஜியாங் முழுக்கக் கடைகள், பாட்டு அலறும் மதுக்கூடங்கள், தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். பயணத் திட்டத்தில் 'தேயிலை-குதிரைப் பாதையில் சவாரி' என்று போட்டிருந்தார்கள். நாற்பது நிமிடத்தில் ஒரு வட்டம் அடித்து இறக்கிவிட்டார்கள். பழைய பாதை எங்கே என்று வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டேன். "நீங்கள் வந்த ஹைவேதான் சார்" என்றார். மாதக்கணக்கில் நடந்தவர்களின் வழியை ஏசி பஸ்ஸில் பார்ப்பதே போலித்தனம் இல்லையா? தனியாகப் போயிருக்க வேண்டுமோ? இன்னொன்று, கேவலம் ஒரு இலைக்காகவா இத்தனை பாடு?

ம., ஈரோடு

அன்புள்ள ம. அவர்களுக்கு,

அந்தப் பெண் சொன்னதில் தப்பில்லை. சீனத் தேயிலை திபெத்துக்கும், அதற்கு மாற்றாகக் குதிரை சீனாவுக்கும் போன வழி அது. 'சா மா கு தாவ்', அதாவது தேயிலை-குதிரைப் பழம்பாதை என்ற பெயரே 1990 வாக்கில் வந்ததுதான். யுன்னானைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆறு பேர் அந்த வழிகளில் மாதக்கணக்கில் நடந்துவிட்டு வந்து வைத்த பெயர் அது. அதற்கு முன்னால் அந்த வழியில் போனவர்கள் எவரும் அப்படி ஒரு பெயரைச் சொல்லியிருக்க மாட்டார்கள். திபெத்தில் லாசாவுக்குப் போகிறேன், வழியில் உள்ள காங்டிங் போகிறேன், அவ்வளவுதான். ஒற்றைச் சாலையும் இல்லை அது. தென் யுன்னானின் தேயிலை மலைகளிலிருந்து தாலி, லிஜியாங் வழியாக லாசா போகும் ஒரு தண்டு, பக்கத்து மாகாணமான சிச்சுவானின் யாஆனிலிருந்து காங்டிங் வழியாகப் போகும் இன்னொரு தண்டு, இரண்டிலிருந்தும் பிரியும் நூறு கிளைகள். பின்னால் வந்த தார்ச்சாலை பல இடங்களில் அதே பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது. மலையில் வழி வேறு எங்கே இருக்கும்?

குழுவாகப் போனது போலித்தனம் என்கிறீர்கள். அந்தப் பாதையில் தனியாகப் போனவர் யார்? நம் பழந்தமிழில் சாத்து என்று ஒரு சொல் உண்டு, வணிகக் கூட்டம். கழுதைச் சாத்து, உப்பு வண்டிச் சாத்து என்று கூட்டமாகத்தான் போனார்கள். அங்கேயும் அப்படித்தான். தனியாகப் போனால் கொள்ளையர் கையில் சிக்க வேண்டியதுதான். கோவேறு கழுதைக் கூட்டத்துக்கு ஒரு தலைவர். அவருக்குச் சீன மொழியில் உள்ள பெயரைப் பிரித்துப் பார்த்தால் 'குதிரை', 'சட்டி', 'தலை' என்று வரும். சோற்றுச் சட்டிக்கும் அவரே பொறுப்பு என்கிறார்கள். எங்கே புல் கிடைக்கும், எந்த ஊர்க்காரனுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், எந்தக் கணவாய் எந்த மாதம் திறக்கும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. முதல் கழுதைக்குச் சிவப்புத் துணியும் நெற்றியில் கண்ணாடியும் கட்டி மணியடித்துக்கொண்டு போவார்கள். உங்கள் வழிகாட்டிப் பெண் கொடி பிடித்து நடந்தார் அல்லவா, அதே வேலைதான்.

சரி, இலைக்கு வருவோம். 'கேவலம்' என்ற சொல்லை ஒரு திபெத்தியர் முன்னால் சொல்லிவிடாதீர்கள். நாலாயிரம் மீட்டர் உயரத்தில் வாற்கோதுமை மாவும் வெண்ணெயும் இறைச்சியும்தான் சாப்பாடு, காய்கறி அபூர்வம். அங்கே தேநீர் சாப்பாட்டோடு சேர்ந்தது. வெண்ணெயும் உப்பும் போட்டுக் கடைந்து, மாவையும் அதிலேயே பிசைந்து சாப்பிடுகிறார்கள். சீனப் பேரரசுகளுக்கு எதிர்ப்பக்கத் தேவை, போர்க்குதிரை. சோங் வம்ச அரசு 1074-ல் சிச்சுவான் தேயிலையை அரசுடைமை வியாபாரமாக்கிக் குதிரைக்கு மாற்றத் தனி அலுவலகமே வைத்தது. பின்னால் வந்த மிங் வம்சத்தின் காலத்தில் தேயிலையைத் திருட்டுத்தனமாக எல்லை கடத்தினால் மரணம். 1397-ல் அந்தக் குற்றத்துக்காக முதல் மிங் பேரரசர் தன் சொந்த மருமகனையே சாகச் செய்தார். பெயர் ஓயாங் லுன். இளவரசியின் கணவன் என்பதெல்லாம் தேயிலை முன்னால் நிற்கவில்லை.

இடையில் ஒன்று. நாம் 'தே' இலை என்பது ஃபூஜியன் கடற்கரைப் பேச்சிலிருந்து கப்பலேறி வந்த சொல். வடக்கே 'சாய்' என்பது தரைவழியில் போன 'சா'. அந்தக் கழுதைகளின் முதுகில் போனது இரண்டாவது சொல்.

நீங்கள் ஷாஷி போகவில்லை என்று தெரிகிறது. தாலிக்கும் லிஜியாங்குக்கும் நடுவில், பஸ் நிறுத்தாமல் தாண்டிப்போகும் பள்ளத்தாக்கு. பய் இன மக்களின் ஊர். நடுவில் ஒரு கல் பாவிய சந்தைத் திடல், ஒரு பக்கம் 1415-ல் கட்டிய புத்தர் கோயில், எதிரே கூத்துமேடை, சுற்றிலும் வியாபாரிகள் தங்கிய சத்திரங்கள். 2001-ல் உலக நினைவுச்சின்ன நிதியம் அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் இதைச் சேர்த்தது. அப்புறம் சூரிச்சின் ஈ.டி.எச். கல்வி நிறுவனமும் உள்ளூர் நிர்வாகமும் சேர்ந்து பார்த்துப் பார்த்துப் பழுது நீக்கினார்கள். புதிதாகப் பளபளக்கவில்லை, அதுவே பெரிய விஷயம்.

அங்கே ஒரு தேயிலைக் கடையில்தான் எனக்குப் பாதை புரிந்தது. எங்கள் வழிகாட்டி ஒரு மூங்கில் மடல் பொதியை என் கையில் வைத்தார். உள்ளே யுன்னானின் பூஅர் என்ற வகைத் தேயிலை, தட்டையாக அழுத்திய வட்டுகள் ஏழு. வட்டு ஒன்று 357 கிராம். அதென்ன ஏழு அதிகம், 350 போதாதா என்று கேட்டேன். சிரித்துவிட்டுக் கணக்குப் போட்டார். ஏழு வட்டு இரண்டரைக் கிலோ. அப்படிப் பன்னிரண்டு பொதி முப்பது கிலோ, அது கழுதையின் ஒரு பக்கம். மறுபக்கம் இன்னொரு முப்பது. கழுதையின் முதுகிலிருந்து பின்னோக்கி வகுத்து வந்த எண் என்றார். எவ்வளவு தூரம் சரித்திரம், எவ்வளவு தூரம் கடைக்காரர் கதை என்று வாதாடலாம். ஆனால் கையில் அந்த எடை இருக்கும்போது வாதாடத் தோன்றவில்லை.

எனக்கும் குழுப் பயணங்கள் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு, உங்களுடையதிலிருந்து வேறுபட்டது. எல்லோரும் கழுதை மணியோசையை விற்கிறார்கள். சிச்சுவான் பக்கம் யாஆனிலிருந்து காங்டிங் வரையான இருநூறு கிலோமீட்டருக்கும் மேலான மலைவழியில், தேயிலையின் பெரும்பகுதியை மனிதர்கள்தான் முதுகில் சுமந்தார்கள். எடைக்குத்தான் கூலி. ஏர்னஸ்ட் வில்சன் என்ற ஆங்கிலேயத் தாவர சேகரிப்பாளர் 1908-ல் அவர்களில் இருவரைப் படம் எடுத்திருக்கிறார். ஒருவர் சுமை 317 பவுண்டு, மற்றவருடையது 298 என்று குறித்திருக்கிறார். கிலோவில் 144, 135. தலைக்கு மேல் எழும்பி நிற்கும் அடுக்கு, கீழே மெலிந்த இரண்டு கால்கள்.

அவர்கள் கையில் ஒரு கோல் இருக்கும், மேலே குறுக்குக்கட்டை, கீழே இரும்புப் பூண். சுமையை ஒருமுறை இறக்கினால் ஆள் உதவியில்லாமல் மறுபடி தூக்க முடியாது. அதனால் கோலைப் பின்னால் முட்டுக்கொடுத்து நின்றபடியே மூச்சு வாங்கினார்கள். நம் ஊர்ச் சாலையோரச் சுமைதாங்கிக் கல் தெரியும் அல்லவா? கையோடு எடுத்துப்போகும் சுமைதாங்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் நிற்பது அதே திருப்பங்களில்தான், பூண் இறங்குவதும் அதே கல்லில்தான். யாஆன் பக்கம் அந்தக் கற்களில் இன்றும் குழிகள் இருக்கின்றன. ஒன்றில் விரல் விட்டுப் பார்த்தேன். முதல் கணு வரைக்கும் போனது. உள்ளே மழைத் தண்ணீர், ஒரு எறும்பு. 1954-ல் லாசாவுக்கு லாரிச் சாலை திறந்தபின் அந்தத் தொழில் முடிந்தது. யாரும் அதற்காக அழுதிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் பயணத் திட்டத்தில் அந்த இடம் இல்லவே இல்லை. ஒரு மதிய ஓய்வை விட்டுக்கொடுத்து, வழிகாட்டியைக் கெஞ்சித்தான் போனோம்.

தனியாகப் போயிருக்கலாமா என்ற கேள்விக்கு: யுன்னானில் தாராளமாகப் போகலாம். திபெத்துக்குள் வெளிநாட்டவர் அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் இல்லாமல் நுழைய முடியாது. நீங்கள் தப்பு செய்தது வாரத்தில்தான். அக்டோபர் முதல் வாரம் சீனாவின் தேசிய விடுமுறை, நாடே ரயிலேறும். ஏப்ரல், மே பாருங்கள், அல்லது அக்டோபர் பாதிக்கு மேல். வெள்ளிக்கிழமை ஷாஷியில் இருக்கும்படி திட்டம் போடுங்கள், அன்றுதான் சந்தை. ஷாங்ரிலாவுக்கு 2023 முதல் லிஜியாங்கிலிருந்து ரயில் இருக்கிறது. ஆனால் ஒன்றேகால் மணி நேரத்தில் எண்ணூறு மீட்டர் ஏறிவிடும். நான் போய் இறங்கிய அன்று இரவு முழுக்க மண்டை பிளந்தது. அங்கே வெண்ணெய்த் தேநீர் கொடுத்தால் டீ என்று நினைத்துக் குடிக்காதீர்கள், சூப் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கோப்பையில் பிடித்துவிடும்.

ஷாஷியில் வாங்கிய வட்டு ஒன்று மூன்று வருடமாக அலமாரியில் இருக்கிறது. இருக்க இருக்கத்தான் ருசி என்று சொல்லி உடைக்காமல் வைத்திருக்கிறேன். "அந்த வரட்டியை இன்னும் எத்தனை நாளைக்கு வைத்திருப்பீர்கள்?" என்று வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அடுத்த மாதம் ஈரோடு வருகிறேன். கொண்டுவருகிறேன், உங்கள் வீட்டில் உடைப்போம்.