எலும்புப்புரை மருந்து பலிக்குமா என்று ரத்தம் சொல்லுமா?

கேள்வி: எனக்கு 62 வயது. எலும்புப்புரைக்கு வாரம் ஒரு அலென்ட்ரோனேட் மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள், இன்னும் தொடங்கவில்லை. அடுத்த டெக்ஸா ஸ்கேன் 2 வருடம் கழித்துத்தானாம். எலும்பு அடர்த்தி எவ்வளவு கூடும் என்று அதற்குள் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுமா?

பதில்: எவ்வளவு கூடும் என்பது தெரியாது. ஆனால் மருந்து எலும்பில் வேலை செய்கிறதா என்பதை 3 மாதத்திலேயே பார்த்துவிடலாம். என்னைக் கேட்டால், அதுதான் அதிகம் உதவும்.

எலும்பு ஓயாமல் கரைந்து, திரும்பவும் கட்டப்படுகிறது. கரையும்போது சிடிஎக்ஸ் என்ற புரதத் துணுக்கும், கட்டப்படும்போது பி1என்பி என்ற இன்னொரு துணுக்கும் ரத்தத்தில் கலக்கின்றன. அலென்ட்ரோனேட் கரைவதைத் தடுப்பதால் முதலில் சிடிஎக்ஸ் இறங்கும். பின்னாலேயே பி1என்பியும் இறங்கும். பி1என்பி இறங்கியதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், இந்த மருந்துக்கு அது நல்ல அறிகுறி. (எலும்பு கட்டுவதைத் தூண்டும் டெரிபாரடைட் ஊசி போடுபவர்களுக்கு நேர்மாறு: பி1என்பி ஏற வேண்டும்.)

தொடக்கத்தில் ரத்தத்தில் இந்தத் துணுக்குகளின் அளவு அதிகமாக இருப்பவர்களுக்கு எலும்பு அடர்த்தியும் கூடுதலாக உயர்வதை ஆய்வுகளில் சராசரியாகப் பார்க்கிறோம். அதை வைத்துத் தனி ஒருவருக்குக் கணக்குச் சொல்ல முடியாது.

எனவே முதல் மாத்திரைக்கு முன்பே ஒரு முறை ரத்தம் கொடுத்துவிடுங்கள். ஒப்பிட அந்த எண் இல்லாவிட்டால் பிறகு வரும் முடிவுக்கு அர்த்தம் சொல்வது கடினம். சாப்பிட்டாலும் நேரம் மாறினாலும் சிடிஎக்ஸ் மாறிவிடும். அதனால் காலையில், வெறும் வயிற்றில், இரண்டு முறையும் ஒரே ஆய்வகத்தில். முடி வளரச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை சில கருவிகளை ஏமாற்றும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சமீபத்தில் எலும்பு முறிந்திருந்தால் மாதக்கணக்கில் இரண்டு அளவும் உயர்ந்தே இருக்கும். சிறுநீரகக் கோளாறும் சிடிஎக்ஸை உயர்த்திக் காட்டும்.

3 மாதத்தில் சிடிஎக்ஸ் பாதிக்குமேல் இறங்கியிருந்தால் மருந்து சேர்ந்துவிட்டது என்று தைரியமாக இருக்கலாம். இறங்கவே இல்லையா? மருந்தை மாற்றுவதற்கு முன் சாப்பிடும் விதத்தைப் பாருங்கள். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரமாவது வேறெதுவும் சாப்பிடாமல், படுக்காமல் இருக்க வேண்டும். காபியோடோ கால்சியம் மாத்திரையோடோ சேர்த்தால் மருந்து உடம்பில் ஏறுவது வெகுவாகக் குறைந்துவிடும். அதெல்லாம் சரியாக இருந்தும் அளவு அசையவில்லை என்றால், வைட்டமின் டி, தைராய்டு, பாராதைராய்டு பரிசோதனைகளைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.