‘ஸ்மார்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் புத்திசாலி என்பது மட்டும்தான் பொருளா? அதன் மூலம் என்ன?

நேர்முகத் தேர்வுக்கு ஆயத்தமாகும் இளைஞராக இருப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். புத்திசாலி என்பது பிற்காலத்தில் வந்து சேர்ந்த பொருள். பழைய ஆங்கிலத்தில் அச்சொல் சுரீரென வலிப்பதையும் எரிவதையுமே குறித்தது. வலியைக் குறிக்கும் ‘ஷ்மெர்ட்ஸ்’ என்ற ஜெர்மன் சொல் அதற்கு உறவு.

இதை நான் தெரிந்துகொண்ட விதம் பெருமைக்குரியதன்று. 2008-ஆம் ஆண்டு மாம்பழப் பருவத்தில் கிருஷ்ணகிரிக்கு அருகே ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பழம் கழுவும் தொட்டியில் கலக்கும் குளோரின் டப்பாவின்மேல் ஆங்கிலத்தில் இருந்த எச்சரிக்கையைத் தமிழில் எழுதி ஒட்டும் வேலை, பட்டப்படிப்பு படித்தவன் என்ற ஒரே காரணத்தால் என் தலையில் விழுந்தது. கண்கள் ‘ஸ்மார்ட்’ ஆனால் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும் என்று அதில் இருந்தது. அங்கே அது வினைச்சொல்லாக நிற்கிறது என்பதுகூட எனக்குப் பிடிபடவில்லை. பள்ளியில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று மனப்பாடம் செய்ய வைத்தவர்கள்மீது எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. மிடுக்கு, நேர்த்தி என்றெல்லாம் யோசித்து, “கண்கள் பளிச்சென்று ஆனால் உடனே கழுவவும்” என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டேன். பழம் தரம் பிரிக்கும் அக்கா ஒருவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “கண்ணு பளிச்சுன்னு ஆனா நல்லதுதானே தம்பி, அத எதுக்குக் கழுவணும்?” என்றார். கூடம் முழுவதும் சிரித்தது. அன்று மாலையே தொட்டித் தண்ணீர் தெறித்து, “சுறுக்குன்னு எரியுது” என்று அவர் கண்ணைப் பொத்திக்கொண்டபோதுதான் அந்த வரி எனக்கு விளங்கியது.

அவர் சொன்ன ‘சுறுக்’கைப் பிடித்துக்கொண்டால் ஆங்கிலச் சொல் வந்த வழியும் விளங்கிவிடும். மாங்காய்ப் பால் தோலில் பட்டால் சுறுக்கென்கிறது என்போம். விரைந்து வரச் சொல்லும்போதும் “சுறுக்கா வா” என்போம். ஆங்கிலத்திலும் வலிக்கிற அடி, விசையான அடியாகி, விசையான நடையாகி, 17-ஆம் நூற்றாண்டில் சுறுக்கென்று தைக்கும் பேச்சுக்கும் அதைப் பேசும் கூர்மதிக்கும் வந்து சேர்ந்தது. நேர்த்தியான உடைக்கு அது 18-ஆம் நூற்றாண்டில் வந்தது; பிரிட்டனில் இன்றும் உடைப் பொருளே முதலில் தோன்றும், அமெரிக்காவில் அறிவு. (தமிழிலிருந்து ஆங்கிலம் பிறந்ததாக நான் சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். இரு சொற்களுக்கும் உறவில்லை. நான் மொழியியல் அறிஞனும் அல்லன், வணிகவியல் படித்தவன்.)

வியட்நாம் போரில் லேசர் வழிகாட்டிய குண்டுகளுக்கு இந்த அடைமொழி கொடுத்த பிறகு அது கருவிகளுக்கும் பரவி, தொலைபேசி வழியாக 2017-இல் நம் குடும்ப அட்டை வரை வந்துவிட்டது. எங்கள் அட்டையில் அம்மாவின் பெயரில் விழுந்த ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த நான்கு முறை அலைந்தவன் என்ற முறையில், அதற்கு மட்டும் பழைய ஆங்கிலப் பொருளே பொருந்தும் என்பேன்.