யாருடைய யானை அது?

கேள்வி: என் மகனுக்கு நாலு வயதும் நாலு மாதமும். அவன் போகும் நேசரியில் எந்த நாளும் நிறந்தீட்டல்தான். மச்சாளின் மகள் வேறு நேசரியில் படிக்கிறாள்; உயிரெழுத்து பன்னிரண்டும் எழுதுகிறாள், நூறு வரை எண்ணும் எழுதுகிறாள். இவனோ கோட்டுக்குள் நிற்காமல் கீறித் தள்ளுகிறான், பாஸ்டலை முறிக்கிறான், யானைக்குப் பச்சை அடிக்கிறான். கொப்பியைப் படம் எடுத்து கட்டாரில் இருக்கும் அவனுடைய அப்பாவுக்கு அனுப்புவதால், அவன் நித்திரையான பிறகு வெளியே போனதைப் பிளேட்டால் சுரண்டி, மிச்சத்தை நானே நிரப்பி வடிவாக்கி விடுவேன். இப்போது கொஞ்ச நாளாகப் பாஸ்டலைக் கொடுத்தால் "நீங்களே செய்யுங்கோ" என்று என்னிடமே நீட்டுகிறான். சோம்பேறியாகி விடுவானோ என்று பயமாக இருக்கிறது. நேசரியை மாற்றலாமா?

– ஒரு தாய், சுன்னாகம்

பதில்: நேசரியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள். இடம் போதாமல் சுருக்கிப் போட்டிருக்கிறேன். பிளேட்டைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள். அதை மட்டும் ஒரு சொல் விடாமல் போட்டிருக்கிறேன்.

தங்கச்சி, பிள்ளை பக்கத்தில் நித்திரை கொள்ள, விளக்கைப் போட்டுக்கொண்டு, அவன் பகலில் செய்த வேலையைச் சுரண்டிக்கொண்டு இருக்கிறீர்கள். விடிய அவன் கொப்பியைத் திறக்கிறான். தான் கீறிய இடத்தில் தான் கீறாத ஒன்று இருக்கிறது. நாலு வயதுப் பிள்ளைக்குத் தன் கோடு எது என்று தெரியாது என்றா நினைத்தீர்கள்? நன்றாகத் தெரியும். எப்படியும் இரவில் அம்மா திருத்துவா, அம்மா செய்ததுதான் வடிவு என்றும் தெரிந்துவிட்டது. அதனால்தான் பாஸ்டலை உங்களிடம் நீட்டுகிறான். நீங்களே சொல்லிக் கொடுத்துவிட்டு, அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைக்க எப்படி மனம் வந்தது?

அவன் மணிக்கட்டைத் தடவிப் பாருங்கள். அதற்குள் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது எட்டும் வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாக இறுகி வருகின்றன. கடைசி எலும்பு இறுகத் தொடங்க எட்டு வயதுக்கு மேலாகும். ஒன்றரை வயதில் பாஸ்டலைப் பொத்திப் பிடித்துத் தோளிலிருந்து கையை வீசிக் கீறியிருப்பான். மூன்று வயதளவில் பிடி விரல்களுக்கு மாறும். பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் சேர்ந்து பிடிக்கும் பிடி நாலுக்கும் ஆறுக்கும் இடையில்தான் நிலைக்கும். வலக்கையா இடக்கையா என்பதும் அந்த வயதில்தான் பெரும்பாலும் உறுதியாகும்.

அவன் நிறந்தீட்டும்போது ஒருநாள் பேசாமல் பக்கத்தில் இருந்து பாருங்கள். கோட்டுக்குக் கிட்ட வந்ததும் கண் நிற்கச் சொல்லும், கை தாண்டிப் போய்விடும். அடுத்த முறை கொஞ்சம் முன்னதாகவே மெதுவாகும். நாக்கு நுனி வெளியே வந்திருக்கும், மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பான். கையை நிறுத்தவும் திருப்பவும் பழகத்தான் அத்தனை பக்கங்கள். நீங்கள் சுரண்டி எறிவது அழுக்கு இல்லை. அந்தக் கை இன்றைக்கு எதுவரை வந்திருக்கிறது என்ற கணக்கு. போன மாதப் பக்கத்தையும் இந்த மாதப் பக்கத்தையும் சேர்த்து வைத்துப் பார்க்க ரீச்சருக்கும் வழியில்லாமல் செய்துவிட்டீர்கள்.

மச்சாளின் மகள் எழுதட்டும், சந்தோசம். பொதுவாக மூன்று வயதளவில் வட்டத்தைப் பார்த்து வரைவார்கள். நாலளவில் கூட்டல் குறி, நாலரையில் சதுரம், முக்கோணம் வர ஐந்தாகும். இப்போது ஒரு 'அ' எழுதிப் பாருங்கள். சுழி, வளைவு, படுக்கைக் கோடு, நிமிர்ந்த கோடு எல்லாம் அந்த ஓர் எழுத்துக்குள் கிடக்கிறது. அதைவிட 'ட'வும் 'ப'வும் எவ்வளவோ இலகு. விஜயதசமிக்கு ஏடு தொடக்கியபோது ஐயர் அவன் விரலைப் பிடித்து அரிசியில்தானே எழுதுவித்தார்? பென்சில் பிறகுதான் வரும். ஐந்து முடிந்து முதலாம் தரத்துக்குப் போகப்போகிற பிள்ளையை இப்போதே ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஓட்டுகிற அவசரம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. எத்தனை முறை எழுதினாலும் யாரும் கேட்பதாக இல்லை.

பாஸ்டல் முறிந்தால் ஏசாதீர்கள். துண்டு சின்னதானால் பொத்திப் பிடிக்க முடியாது, விரல் நுனியால்தான் பிடித்தாக வேண்டும். சில ரீச்சர்மார் வேண்டுமென்றே முறித்துக் கொடுப்பார்கள்.

பழைய கலண்டர் தாளைப் புரட்டி, அவன் கண் உயரத்துக்குச் சுவரில் ஒட்டிவிடுங்கள். நிமிர்ந்த தாளில் கீறும்போது மணிக்கட்டு பின்பக்கமாக வளைந்து நிற்கும், தோளும் உரமாகும். 1995 ஒக்டோபர் கடைசியில், போரால் யாழ்ப்பாணத்து வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனபோது என் மூத்தவனுக்கு நாலு வயது. ஒரு வீட்டு விறாந்தையில் மூன்று குடும்பங்கள் இருந்தோம். பென்சிலும் இல்லை, கொப்பியும் இல்லை. அடுப்புக் கரியை எடுத்து அந்த வீட்டு வெள்ளைச் சுவரில் ஒரு சைக்கிள் கீறினான், சில்லு இரண்டும் முட்டை மாதிரி. நான் துணியை நனைத்துக்கொண்டு ஓடினேன். வீட்டுக்கார அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினா. "அவனிட்டை மிச்சமிருக்கிறது அதுதான் பிள்ளை, விடு" என்றா. நாங்கள் வெளிக்கிடும் மட்டும் அந்தச் சைக்கிள் சுவரில் இருந்தது. பிறகு எந்தப் பிள்ளையின் கோட்டிலும் நான் கை வைத்ததில்லை.

அச்சடித்த கோட்டுக்குள் நிறம் நிரப்புவது மட்டும் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. வெறுந்தாளும் கொடுக்க வேண்டும், அவனாக ஒன்றை நினைத்துக் கீற வேண்டும். நேசரியில் வெறுந்தாள் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். கொடுத்தால் அந்த நேசரியை விட்டு அசைய வேண்டாம். பச்சை யானைக்கு, "யானை பச்சையோ?" என்று கேட்காதீர்கள், "இந்த யானை எங்கே போகுது?" என்று கேளுங்கள். பச்சை, வால், பெரிது, சின்னது என்று சொல்லெல்லாம் அந்தக் கதைக்குள் தானாக வரும்.

கடைசியாக, அவனுடைய அப்பா. பிள்ளை வளர்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் வாய்ப்பை உங்கள் இருவருக்காகவும் விட்டுவிட்டுப் போனவர் அவர். வேலை முடிந்து அறைக்கு வந்து, கைத்தொலைபேசியைத் திறந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார். அதில் மகனுடைய கை இல்லை, மனைவியின் கைதான் இருக்கிறது. அவருக்குத் தெரியாது. வடிவான பொய்யை அனுப்பிக் குடும்பம் நடத்தக்கூடாது தங்கச்சி. அவர் திரும்பி வரும் நாளில் மகனுக்கு வயது கூடியிருக்கும், இந்தக் கோணல் கோடுகள் போயிருக்கும். அவருக்குச் சேர வேண்டியதை நீங்கள் பிளேட்டால் சுரண்டிவிட்டால் பிறகு யார் கொடுப்பது?

நீங்கள் திருத்திய பக்கங்களை அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மகனிடமும், "அம்மா உன்ரை கொப்பியிலை கை வைச்சது பிழை" என்று சொல்லுங்கள், அவனுக்கு விளங்கும். பிறகு அந்தப் பச்சை யானையை அவன் விட்ட மாதிரியே படம் எடுத்து அனுப்புங்கள். வீடியோ கோலில் அப்பா கேட்கட்டும், அது எங்கே போகிறது என்று.