திறந்த அமைப்பு, மூடிய அமைப்பு: ஏர்கோன் கேஸ் ஏன் "முடிந்துபோகாது"?

கேள்வி: திறந்த அமைப்புக்கும் மூடிய அமைப்புக்கும் என்ன வித்தியாசம்? வீட்டு ஏர்கோன் இதில் எதில் சேரும்?

பினாங்கில் 18 வருடமாக ஏர்கோன் பழுது பார்க்கிறேன். இந்தக் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வீடு வீடாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பவன் நான். முதல் பாதியை மாமாக் கடையில் வைத்தே சொல்லிவிடலாம்.

தே தாரிக் மூன்று வாங்குங்கள். ஒன்று கிளாஸில். இன்னொன்று புங்குஸ்: ஸ்ட்ரா போடாமல், பையின் வாயை ராஃபியா கயிற்றால் இறுகக் கட்டித் தரச் சொல்லுங்கள். மூன்றாவதை வீட்டிலிருந்து கொண்டுபோன பிளாஸ்கில் ஊற்றி மூடிவிடுங்கள். அரை மணி நேரம் போகட்டும்.

கிளாஸில் இருப்பது ஆறியிருக்கும். தராசில் வைத்தால் எடையும் கொஞ்சம் குறைந்திருக்கும், ஏனென்றால் ஆவி போய்விட்டது. சூடும் போகிறது, பொருளும் போகிறது. இதுதான் திறந்த அமைப்பு. பையில் இருப்பதும் ஆறியிருக்கும், ஆனால் எடை அப்படியே இருக்கும். சூடு பிளாஸ்டிக்கைத் தாண்டி வெளியே போயிற்று, தேநீர் போகவில்லை. இது மூடிய அமைப்பு. பிளாஸ்கில் எடையும் குறையாது, சூடும் அவ்வளவாகக் குறையாது. இரண்டுமே போகாததைத் தனித்த அமைப்பு என்பார்கள். நம் கைக்குக் கிடைக்கும் எதுவும் முழுமையான தனித்த அமைப்பு இல்லை. மறுநாள் காலையில் பார்த்தால் பிளாஸ்க் தேநீரும் ஆறித்தான் கிடக்கும்.

பலரும் தடுமாறுவது "மூடிய" என்ற சொல்லில்தான். மூடியது என்றால் எதுவுமே உள்ளே வராது, வெளியே போகாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. பூட்டு பொருளுக்கு மட்டும்தான், சூட்டுக்கு இல்லை. ஏர்கோன் ஓடுவதே அதனால்தான்.

செம்புக் குழாய்களுக்குள் ஒரு கேஸ் சுற்றுகிறது. இப்போது வரும் வீட்டு ஏர்கோன்களில் பெரும்பாலும் ஆர்-32. சாதாரணக் காற்றழுத்தத்தில் அது மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். உள்பெட்டியில் அது அறையின் சூட்டை வாங்கிக்கொண்டு ஆவியாகிறது. வெளியே இருக்கும் கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடேற்றுகிறது. வெளிப்பெட்டியின் விசிறி அந்தச் சூட்டைத் தெருவுக்குத் தள்ளிவிட, அது திரும்பத் திரவமாகி உள்ளே வருகிறது. அதே கேஸ்தான், வருடக்கணக்காக. காருக்கு பெட்ரோல் மாதிரி இது எரிந்து தீர்வதில்லை. எவ்வளவு இருக்க வேண்டும் என்று வெளிப்பெட்டித் தகட்டில் எடையோடு போட்டிருக்கும். பத்து வருடம் ஓடினாலும் அந்த எடை குறையக் கூடாது. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றுதான் அர்த்தம்.

ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். வயதான அம்மா ஒருவர், தனியாக இருக்கிறார். "தம்பி, வருசா வருசம் கேஸ் முடிஞ்சு போயிடுது. மூணு வருசமா 150 வெள்ளி குடுத்து ஏத்துறேன்" என்றார். "எங்க ஒழுகுதுன்னு யாராச்சும் பாத்தாங்களாம்மா?" என்று கேட்டேன். ஒழுகல் என்ற பேச்சையே அவரிடம் யாரும் எடுத்ததில்லை.

வெளிப்பெட்டியில் குழாய் சேரும் இடத்தில், பித்தளை நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு, அதன்மேல் கறுப்பாகத் தூசி. கம்ப்ரசர் எண்ணெய் கேஸோடு சேர்ந்தேதான் சுற்றும், கேஸ் கசியும் இடத்தில் அதுவும் கசியும். சோப்பு நுரையைத் தடவினேன். இரண்டு மூன்று விநாடி ஒன்றுமில்லை. அப்புறம் கடுகளவு ஒரு குமிழ், அது உடைவதற்குள் பக்கத்தில் இன்னொன்று. மூன்று வருடப் பணம் போன வழி அது. குழாய் முனையை வெட்டி, புதிதாக விரித்து, நட்டை இறுக்கி, உள்ளே இருந்த காற்றைப் பம்ப்பால் உறிஞ்சி எடுத்துவிட்டு, தகட்டில் போட்டிருந்த எடைக்குத் தராசு வைத்துக் கேஸ் ஏற்றினேன்.

போனது பணம் மட்டும் இல்லை. ஆர்-32 ஒரு கிலோ வெளியேறினால், 100 வருடக் கணக்கில் அது 675 கிலோ கரியமிலவாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். பழைய ஏர்கோன்களில் இருக்கும் ஆர்-22 ஓசோனையும் அரிக்கும். 1987 மொன்றியல் ஒப்பந்தத்தின் வழியாக அதை உலகமே கைவிட்டு வருவது அதனால்தான். பூமியும் ஏறக்குறைய மூடிய அமைப்புதான். வெயில் வருகிறது, சூடு போகிறது, பொருள் மட்டும் இங்கேயே தங்கிவிடுகிறது. ஜெலுத்தோங்கில் கசிந்த கேஸ் நம் தலைக்கு மேலேதான் இருக்கிறது.

சரி, ஏர்கோன் மூடிய அமைப்பு என்று எழுதிவிடலாமா? அதற்கு முன்னால் எல்லைக் கோட்டை எங்கே போடுகிறீர்கள் என்று சொல்ல வேண்டும். குழாய்களைச் சுற்றிப் போட்டால் மூடிய அமைப்பு. அறையைச் சுற்றிப் போட்டால் திறந்த அமைப்பு. கதவிடுக்கில் காற்று வருகிறது, நாம் மூச்சு விடுகிறோம், வடிகுழாயில் தண்ணீர் போகிறது. "கேஸ்தான் தண்ணியா ஒழுகுதா?" என்று பலர் கேட்பார்கள். இல்லை, அது பினாங்குக் காற்றின் ஈரம். குளிர்ந்த தகடுகளில் பட்டுச் சொட்டுகிறது. ஒரு லிட்டர் அளவு ஈரம் அப்படித் தண்ணீராக மாறும்போது சுமார் 2,400 கிலோஜூல் சூட்டை விட்டுவிடுகிறது. அதே ஒரு லிட்டரைக் குழாய்த் தண்ணீர்ச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படுவதைப்போல எட்டு மடங்கு. அத்தனையையும் உங்கள் ஏர்கோன்தான் வெளியே சுமந்து போட வேண்டும். கதவைத் திறந்து வைக்காதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதற்காகத்தான்.

பாடத்துக்காகக் கேட்டிருந்தால், முதலில் எல்லையை எழுதிவிட்டு அப்புறம் வகையை எழுதுங்கள். வீட்டுக்காகக் கேட்டிருந்தால், குழாயில் பனி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பில்டர் சுத்தமாக இருந்தும் பனி கட்டினால் பெரும்பாலும் கேஸ் குறைந்திருக்கும். ஏற்ற வருபவரிடம் ஒழுகும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

அந்த அம்மா வீட்டுக்கு இந்த வருடமும் சர்வீஸுக்குப் போனேன். கேஸ் குறையவில்லை. பில்டரைக் கழுவி, வடிகுழாயை ஊதிச் சுத்தம் செய்துவிட்டு வந்தேன்.