சொல் கேட்போம்: நாற்றங்காலும் நர்சரியும்

கேள்வி: எங்கள் தெருவில் செடி விற்கும் நர்சரி ஒன்றும், குழந்தைகள் படிக்கும் நர்சரி ஒன்றும் உள்ளன. இரண்டுக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது? தமிழிலும் இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: ஊட்டி வளர்த்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த 'நர்ஸ்' என்னும் சொல், முதலில் பிறர் குழந்தைக்குப் பாலூட்டி வளர்ப்பவளையே குறித்தது. அவள் பொறுப்பில் குழந்தை வளரும் அறை நர்சரி ஆயிற்று. 16ஆம் நூற்றாண்டுக்குள் இளஞ்செடிகளைப் பேணும் இடத்துக்கும் அப்பெயர் சென்றது. நோயாளியைக் கவனிப்பவர் என்ற பொருள் பின்னர் வந்ததே. தமிழிலும் இதே பயணம் நிகழ்ந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி: சங்கப் பாடல்களில் தலைவியை வளர்த்த செவிலித்தாய்தான் இன்று மருத்துவமனையில் செவிலியராக நிற்கிறார்.

ஆனால் இடத்தைக் குறிக்கத் தமிழுக்கு ஒரே சொல் போதாது, தேவையுமில்லை. முளைத்தல் என்று பொருள்படும் 'நாறுதல்' என்ற பழைய வினையோடு உறவுடையது நாற்று. அதை விதைத்து, வளர்த்து, பறித்து, வேறு வயலில் நடுவதற்கென ஒதுக்கிய நிலமே நாற்றங்கால். உங்கள் பகுதி உழவர் பேச்சில் நாத்தாங்கால். ஓர் ஏக்கர் நடவுக்கு வழக்கமாக 8 சென்ட் நாற்றங்கால் விடுவார்கள். இள நாற்றை இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக நடும் செம்மை நெல் சாகுபடியில் 14 நாள் நாற்றையே எடுத்து நட்டுவிடுவார்கள். மீன்குஞ்சுகளை விட்டு வளர்க்கும் குளத்தையும் நாற்றங்கால் குளம் என்கிறார்கள். அது பொருத்தமான விரிவு. ரோஜாப் பதியனும் ஒட்டு மாங்கன்றும் விற்கும் இடத்துக்கு அச்சொல் ஒட்டாது, நாற்றுப்பண்ணை எனலாம். குழந்தைகளுக்கு மழலையர் பள்ளி இருக்கிறது. இலங்கையில் முன்பள்ளி, மலேசியாவில் பாலர் பள்ளி.

கேள்வி: அப்படியானால் 'நர்சரி' என்று எழுதுவது தவறா? (வாசகர், திருச்சி)

பதில்: கடைப் பலகையிலும் பேச்சிலும் தவறில்லை, மக்கள் நாவில் அது நன்றாகப் பழகிவிட்டது. ஆனால் வேளாண் கட்டுரைகளில் 'நெல் நர்சரி' என்று காணும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் வயலில் இறங்கி நாற்றுப் பறிக்கும் யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை.