வாசகர் கேள்வி – பதில்: மொழிப் பிணக்கு உள்ள நாடு போரில் ஒன்றாக நிற்குமா?

(பதிலளிப்பவர் மதுரையில் வரலாற்றுப் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்.)

அம்மா, என் பெரியப்பா மகன் உக்ரைனில் கார்கிவ் நகரத்தில் டாக்டருக்குப் படித்தான். 2022 மார்ச்சில் தப்பித்து ஊருக்கு வந்தான். அங்கே கடை, ஹாஸ்டல், மெட்ரோ எங்கே போனாலும் ரஷ்ய மொழிதான் என்கிறான். அப்படிப்பட்டவர்கள் ஏன் ரஷ்யாவை எதிர்த்து நிற்கிறார்கள்?
– கல்லூரி மாணவி, திருமங்கலம்

உன் அண்ணன் சொல்வது சரி. கார்கிவிலிருந்து ரஷ்ய எல்லை சுமார் 40 கிலோமீட்டர்தான். மதுரையிலிருந்து விருதுநகர் போகிற தூரம்கூட இல்லை. வீட்டிலும் வீதியிலும் ரஷ்ய மொழி புழங்கிய நகரம் அது. அதனாலேயே படை உள்ளே நுழைந்தால் மாலை போட்டு வரவேற்பார்கள் என்று மாஸ்கோவில் பலர் நினைத்தார்கள். வரவேற்பு கிடைக்கவில்லை. அந்த நகரத்து மக்கள் மெட்ரோ ரயில் நிலையங்களுக்குள் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார்கள், சரணடையவில்லை.

உக்ரைனுக்குள் வேற்றுமை இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. மேற்கே இருக்கும் லிவிவ் 1918 வரை ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசில் இருந்தது. அதற்குப் பிறகு 1939 வரை போலந்து ஆட்சியில் இருந்தது. அங்கே உக்ரைன் மொழி, கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபை. கிழக்கே டோன்பாஸ் நிலக்கரி பூமி. 1870 வாக்கில் ஜான் ஹியூஸ் என்ற வேல்ஸ்காரர் அங்கே இரும்பாலை கட்டினார். சுரங்கத்துக்கும் ஆலைக்கும் ரஷ்யப் பகுதிகளிலிருந்து தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அந்த ஆலையைச் சுற்றி எழுந்த ஊர்தான் இன்றைய டோனெட்ஸ்க். இந்த இரண்டு ஊர்க்காரர்களுக்கும் தாத்தா கதையே வேறு வேறு. தேர்தலில் ஓட்டுப் போட்டதும் அப்படித்தான். 2004இல் மேற்கு ஒருவருக்கு, கிழக்கு இன்னொருவருக்கு என்று வரைபடமே இரண்டாகப் பிளந்து கிடந்தது.

இப்போது 1991 டிசம்பர் 1ஆம் தேதிக்குப் போவோம். சோவியத் யூனியனை விட்டுத் தனி நாடாகலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. நாடு முழுக்க 90 சதவீதத்துக்கு மேல் 'ஆம்'. டோனெட்ஸ்க், லுகான்ஸ்க் இரண்டிலும் 80 சதவீதத்துக்கு மேல் 'ஆம்'. கிரிமியாவில் மட்டும்தான் இழுபறி, அங்கேயும் 54 சதவீதம். வீட்டில் ரஷ்ய மொழி பேசிக்கொண்டே, 'நம் நாடு இதுதான்' என்று ஓட்டுப் போட்டவர்கள் அவர்கள். 2019இல் ஜெலென்ஸ்கி 73 சதவீதம் வாங்கி வென்றாரே, அவரும் ரஷ்ய மொழி பேசும் கிரிவி ரி நகரத்துக்காரர். லிவிவ் மாகாணம் ஒன்றைத் தவிர எல்லா மாகாணத்திலும் முன்னிலை அவருக்குத்தான். ஒருவர் வீட்டில் என்ன பேசுகிறார் என்பதை வைத்து அவர் எந்த நாட்டுக்காரர் என்று முடிவு கட்டியவர்கள் அங்கே ஏமாந்தார்கள்.

ஆனால் கீவ் ஆட்சியாளர்கள் எல்லாம் சரியாகச் செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். 2014 பிப்ரவரி 23ஆம் தேதி, ஆட்சி கவிழ்ந்த சூடு ஆறும் முன்னே, ரஷ்ய மொழிக்கு வட்டார அளவில் இடம் கொடுத்த 2012ஆம் ஆண்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் ரத்து செய்து ஓட்டுப் போட்டது. இடைக்கால அதிபர் கையெழுத்துப் போடவில்லை. சட்டம் அப்படியே இருந்தது. ஆனாலும் செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. கிரிமியாவிலும் டோன்பாஸிலும் பயந்து கிடந்தவர்களுக்கு அது வயிற்றில் நெருப்பு. பக்கத்து வல்லரசுக்கு அது கையில் கிடைத்த சாக்கு. எனக்கு அந்த ஓட்டெடுப்பு இன்றும் ஆறாத வருத்தம். அவ்வளவு அவசரம் அன்றைக்கு எதற்கு?

அதே 2014க்குப் பிறகு அவர்கள் செய்த ஒரு வேலையைப் பற்றி நம் பத்திரிகைகள் அதிகம் எழுதவில்லை. சின்னச் சின்ன ஊராட்சிகளைச் சேர்த்துப் பெரிய உள்ளாட்சிகளாக்கி, வரிப் பணத்தில் நேரடிப் பங்கும் அதிகாரமும் கொடுத்தார்கள். 2022இல் படை வந்தபோது தலைநகரத்து உத்தரவுக்குக் காத்திராமல் மேயர்களே பதுங்குமிடம், தண்ணீர், ரொட்டி என்று வேலையைத் தொடங்கிவிட்டார்கள். கிழக்கிலிருந்து ரயில் ரயிலாக வந்தவர்களுக்கு லிவிவ்காரர்கள் பள்ளிக்கூடத்தையும் நாடக அரங்கத்தையும் திறந்துவிட்டார்கள். இருபது வருடமாக ஓட்டுச் சாவடியில் எதிரெதிராக நின்றவர்கள் இவர்கள்.

1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்பில் தமிழ்நாடே பற்றி எரிந்தது. செப்டம்பரில் பாகிஸ்தானோடு போர். எட்டு மாதத்தில் அந்தக் கோபம் எங்கே போயிற்று? உங்கள் நினைவில் இருப்பதை எழுதுங்கள்.
– பள்ளி ஆசிரியர், உசிலம்பட்டி

நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஜனவரி 25ஆம் தேதி மாணவர் ஊர்வலம் வடக்கு மாசி வீதியில் காங்கிரஸ் அலுவலகத்தைக் கடந்தபோது மோதல் வெடித்தது. மாணவர்களுக்கு வெட்டு விழுந்தது. மதுரையில் பற்றிய நெருப்புதான் மாநிலம் முழுக்கப் பரவியது. என் மூத்த அண்ணன் பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தான். இரண்டாம் நாள் போலீஸ் தடி இடது புருவத்துக்கு மேலே பட்டுத் தையல் போட்டு வந்தான். எங்கள் அப்பா கதர் கட்டிய காங்கிரஸ்காரர். அந்தப் பதினைந்து நாளும் ஒரே வீட்டில் இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளவில்லை. அம்மாதான் இரண்டு நேரமாகச் சோறு போட்டாள்.

கோபம் எங்கேயும் போகவில்லை ஐயா. அதற்கு ஒரு பதில் கிடைத்தது, அவ்வளவுதான். பிப்ரவரி 11ஆம் தேதி மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அழகேசனும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். அன்றிரவே பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசினார். இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும், மாநிலங்கள் தங்கள் மொழியிலேயே நிர்வாகம் செய்யலாம், நேரு கொடுத்த வாக்கு காப்பாற்றப்படும் என்றார். அதற்குள் எத்தனையோ உயிர்கள் போய்விட்டன. துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களின் வீட்டுக்கு அந்தப் பேச்சு என்ன ஆறுதல் தந்திருக்கும்? தந்திருக்காது. ஆனாலும் டெல்லி இறங்கி வந்தது என்பதை ஊர் பார்த்தது.

செப்டம்பரில் லாகூர் முனையில் சண்டை தொடங்கியது. அதே அண்ணன், அதே கல்லூரி நண்பர்களோடு, டவுன்ஹால் ரோட்டில் பாதுகாப்பு நிதி வசூலித்தான். அந்த உண்டியல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அலுமினியத் தூக்குவாளி, மூடியில் காசு போட ஒரு கீறல், வாயைச் சுற்றித் துணி கட்டி அரக்கு வைத்த முத்திரை. சுற்றிலும் ஒட்டிய காகிதத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தார்கள். புருவத்தில் தழும்போடு அவன் குலுக்கிக்கொண்டு போக, ஐந்து பைசா, பத்துப் பைசா விழுந்த சத்தம் இருக்கிறதே! ராத்திரி அப்பா திண்ணையில் உட்கார்ந்து அவனோடு சேர்ந்து எண்ணினார். திங்கட்கிழமை ராத்திரி ஒருவேளை சோற்றை விடச் சொன்னார் சாஸ்திரி, எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.

அண்ணன் மாறிவிட்டானா என்றால், இல்லை. 1967இல் காங்கிரசை எதிர்த்துத்தான் வேலை செய்தான். ஆங்கிலம் பற்றிய உறுதிமொழி சட்டமாகும்வரை விடமாட்டோம் என்றான். 1967 டிசம்பரில் ஆட்சிமொழித் திருத்தச் சட்டம் நிறைவேறியது. இன்னொன்றையும் கவனியுங்கள். ராஜினாமாக் கடிதம் கொடுத்த சி.சுப்பிரமணியம்தான் போர் வருடத்திலும் உணவு அமைச்சர். கோதுமைக் கப்பலை அமெரிக்கா நிறுத்திவிடுமோ என்று நாடு தவித்தபோது புது ரக விதையைக் கொண்டுவந்து விவசாயிகள் கையில் கொடுத்தவர் அவர். பிப்ரவரியில் 'தேசத்துரோகி' என்று அவரை ஒதுக்கியிருந்தால் யாருக்கு நட்டம்?

1962 சீனப் போரால்தான் தி.மு.க. பிரிவினையை விட்டதா, அல்லது சட்டத்துக்குப் பயந்தா?
– வழக்கறிஞர், மேலூர்

இரண்டும் இருந்தது. வரிசை முக்கியம். 1962 மே மாதம் மாநிலங்களவையில் தன்னுரிமை கேட்டு முழங்கியவர் அண்ணா. அந்த ஆண்டுத் தேர்தலில் அவர் கட்சிக்கு 50 சட்டமன்ற இடங்கள். விலைவாசிப் போராட்டத்தில் கைதாகி வேலூர்ச் சிறையில் இருந்து வெளியே வந்த கையோடு, வீடு இருந்தால்தானே ஓடு மாற்ற முடியும் என்ற பொருளில் பேசிக் கோரிக்கையை ஒதுக்கிவைத்தார். பிரிவினையைத் தடுக்கும் அரசியலமைப்பின் 16ஆம் திருத்தம் வந்தது அதற்குப் பிறகு, 1963 அக்டோபரில். கட்சி முறைப்படி கைவிட்டது அதற்கும் பிறகு.

அண்ணா கோரிக்கையை விட்டார், அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று சொல்லிவிட்டுத்தான் விட்டார். இந்த இரண்டாவது பாதியை மேடையில் யாரும் இப்போது சொல்வதில்லை. அது இல்லாவிட்டால் 1965உம் புரியாது, 1967உம் புரியாது.

ஒரே மொழி, ஒரே மதம் என்றிருந்தால் போர்க்காலத்தில் நாடு பலமாக இருக்காதா?
– மளிகை வியாபாரி, சோழவந்தான்

பாகிஸ்தான் அப்படித்தான் நினைத்தது. ஒரே மதம். உருது ஒன்றே அரசு மொழி என்று 1948 மார்ச்சில் டாக்காவிலேயே ஜின்னா அறிவித்தார். 1952 பிப்ரவரி 21ஆம் தேதி வங்க மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு. 1956இல் வங்க மொழிக்கும் இடம் கொடுத்தார்கள், மனக்காயம் ஆறவில்லை. 1965 போரில் கிழக்கு வங்கப் படைப்பிரிவு லாகூர் முனையில் உயிரைக் கொடுத்துச் சண்டை போட்டது. ஆனால் அந்த வீரர்களின் சொந்த ஊரான கிழக்குப் பகுதியைக் காக்கப் பெயருக்குத்தான் படை இருந்தது. போர் முடிந்த சில மாதத்தில், 1966 பிப்ரவரியில், கிழக்கு வங்கத் தலைவர் முஜிபுர் ரஹ்மான் தன்னாட்சி கேட்கும் ஆறு அம்சக் கோரிக்கையை லாகூரிலேயே வைத்தார். 1970 தேர்தலில் கிழக்கின் 162 பொது இடங்களில் 160 அவருக்கு. ஆட்சியைக் கொடுக்கவில்லை. 1971இல் நாடு போயிற்று.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆனையூர், திருவாதவூர், உச்சப்பட்டி முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களைக் கேளுங்கள். 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம். தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் எழுதியது 1987இல், 13ஆம் திருத்தத்தில். இடையில் 31 ஆண்டு. எழுதும்போது போர் நடந்துகொண்டிருந்தது. 1965க்கும் 1967க்கும் நடுவில் டெல்லி எடுத்துக்கொண்டது மூன்று ஆண்டுக்குள். இந்த வித்தியாசத்தைத்தான் நான் வகுப்பில் வருடா வருடம் சொல்லிவந்தேன்.

மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவன் நான். 'வீர மதராசி, அடி கொல்லு' என்று கத்திக்கொண்டு ஓடியவர்கள் நாங்கள். எங்களிடம் வந்து தேசபக்தி பாடம் எடுக்கிறார்கள் அம்மா.
– முன்னாள் ராணுவத்தினர், பேரையூர்

உங்கள் வருத்தம் நியாயமானது. தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடர் எல்லாரும் ஒரே முழக்கத்தில் ஓடினீர்கள். சீக்கியப் படை, மராத்தியப் படை, கூர்க்காப் படை என்று ஊர்ப் பெயரும் இனப் பெயரும் தாங்கித்தானே நம் ராணுவம் நிற்கிறது! அந்தப் பெயர்களைக் கேட்டு யாரும் நாடு உடைந்துவிடும் என்று பயப்படவில்லை. பாடம் எடுக்க வருகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

போர் நடக்கும்போது அரசைக் கேள்வி கேட்பது தவறில்லையா?
– இல்லத்தரசி, செல்லூர்

தவறே இல்லை. 1962இல் சீனப் படை உள்ளே வந்துகொண்டிருந்தபோதே நாடாளுமன்றத்தைக் கூட்டச் சொன்னார்கள் வாஜ்பாய் போன்ற எதிர்க்கட்சிக்காரர்கள். வாஜ்பாய்க்கு அப்போது முப்பத்தேழு வயதுதான். நேரு ஒத்துக்கொண்டார். நவம்பர் 8ஆம் தேதி விவாதம் தொடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் பேசினார்கள், ஆளுங்கட்சிக்காரர்களும் கடுமையாகவே பேசினார்கள். அதற்கு முந்தைய நாள்தான், பாதுகாப்பு அமைச்சராக இருந்த கிருஷ்ண மேனன் அமைச்சரவையை விட்டே போயிருந்தார். அவரைப் போகச் சொல்லி அழுத்தம் கொடுத்ததில் அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எல்லையில் துப்பாக்கி முழங்கிக்கொண்டிருந்த நாள்கள் அவை. படை தோற்றதற்கு அந்தக் கேள்விகள் காரணம் என்று இன்றுவரை எந்த ராணுவ அதிகாரியும் எழுதி நான் படித்ததில்லை. அந்த விவாதம் முழுவதும் நாடாளுமன்ற இணையதளத்தில் இருக்கிறது. பேரப்பிள்ளைகளை விட்டு எடுத்துத் தரச் சொல்லிப் படித்துப் பாருங்கள் அம்மா.